பாலிஷ் கடைசியில் வரட்டும்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் பழம்பொருள் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது பெல்ஜியம் கண்ணாடி, ரவிவர்மா படம், எனாமல் அடுக்கு, பீங்கான் ஜாடி, வேலைப்பாடுள்ள நிலைக்கதவு. கடைக்காரர்களும் அவற்றைத்தான் வாசலில் வைத்திருப்பார்கள். உள்ளே, வெளிச்சம் குறைந்த மூலையில், ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்து அடுக்கிய நாற்காலிகள் கிடக்கும். ஒன்றுக்குக் கால் ஆடும், இன்னொன்றுக்குப் பிரம்பு தொங்கும், மூன்றாவதன் மேல் யாரோ எப்போதோ பூசிய பச்சை பெயின்ட் செதில் செதிலாக உரிந்திருக்கும். கையில் காசு குறைவாக வைத்திருப்பவர் போக வேண்டியது அந்த மூலைக்குத்தான்.

அங்கே கிடப்பவற்றில் நிறைய, 1940களிலிருந்து 1960கள் வரை செய்தவை. சிங்க முகமும் யாளிக் காலும் இவற்றில் கிடையாது. மேலே பருத்துக் கீழே போகப் போகச் சிறுத்த கால், லேசாகப் பின்னுக்குச் சாய்ந்த முதுகு, பிரம்புப் பின்னல், உள்ளங்கை பட்டுப் பட்டு வழவழப்பான கைப்பிடி. வக்கீல் ஆபீசிலும் வங்கியிலும் முகப்பிலும் தினசரி உழைத்த நாற்காலிகள். வெகுகாலம் சீந்துவாரில்லாமல் கிடந்த இவற்றுக்கு, சென்னையிலும் பெங்களூருவிலும் 'மிட்-செஞ்சுரி' என்று சீட்டு ஒட்டப்பட்டதும் தனி மவுசு வந்திருக்கிறது.

இவற்றைக் குறைந்த செலவில் மீட்க முடியும். ஆனால் அந்தச் செலவு இப்போது தலைகீழாக நடக்கிறது. முதல் காசு பாலிஷுக்குப் போகிறது, மிச்சமிருந்தால் மூட்டுக்கு, பின்னலுக்குப் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சுவதில்லை, ஒரு ரெக்சின் மெத்தையைப் போட்டு மூடிவிடுகிறார்கள். நாற்காலி கெடுவதோடு, அதைச் சரிசெய்யத் தெரிந்தவர்களின் பிழைப்பும் கெடுகிறது.

செட்டிநாட்டில் இத்தனை நாற்காலி எப்படிச் சேர்ந்தது? பர்மாவில் நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுத்துவந்த நகரத்தார், 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தபோது, பணத்துக்குப் பதிலாக நிலத்தை ஏற்க வேண்டியதாயிற்று. 1937 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்பங்கு விளைநிலம் அவர்கள் பெயரில் இருந்தது. 1942இல் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தது. கப்பலேறியும் காடு மலை நடந்தும் மக்கள் திரும்பினார்கள். போருக்குப் பின் வந்த பர்மிய அரசுகள் நிலத்தை நாட்டுடைமை ஆக்கின. பர்மா வரவு இருந்த காலத்தில் தேக்கு தூணாகவும் உத்தரமாகவும் கதவாகவும் வந்து இறங்கியது. வரவு நின்ற பிறகும் வீட்டுக்கு நாற்காலி வேண்டியிருந்தது, ஆனால் மரத்தை எண்ணிச் செலவழிக்க வேண்டிய காலம் அது. ஐம்பதுகளின் நாற்காலிகள் மெலிந்து, செதுக்கு வேலை குறைந்து, கோடுகள் நேரானதற்கு மேல்நாட்டு நாகரிகம் ஒரு காரணம் என்றால், மரச்சிக்கனம் இன்னொரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

அதே ஆண்டுகளில் காரைக்குடியின் முகமும் மாறியது. அழகப்பச் செட்டியார் 1947இல் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14இல் அன்றைய குடியரசுத் துணைத் தலைவர் ராதாகிருஷ்ணன் அதைத் திறந்துவைத்தார். கல்லூரி, ஆய்வகம், விடுதி, நூலகம், வங்கிக் கிளை என்று ஓர் ஊர் வளர்ந்தால், உட்கார நூற்றுக்கணக்கில் நாற்காலி வேண்டும். அவை கப்பலில் வரவில்லை. உள்ளூர்ப் பட்டறைகளில் ஆசாரிமார் செய்தார்கள். கீழே கம்பெனி முத்திரை இல்லாத, யார் வடிவமைத்தார் என்று சொல்ல முடியாத இந்த நாற்காலிகளுக்கு ஏலச் சந்தையில் பெயர் கிடையாது. குறைந்த பணம் உள்ளவருக்கு அதுவே அனுகூலம்.

இவை கடைக்கு வந்து சேர்ந்த வழியையும் சொல்ல வேண்டும். செட்டிநாட்டு வீடு பெரும்பாலும் ஒருவருக்குச் சொந்தமானதல்ல. ஒவ்வொரு திருமணமான தம்பதியும் ஒரு புள்ளி. தலைமுறை தாண்டத் தாண்டப் புள்ளிகள் பெருகி, ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள் ஆகிவிடுவார்கள். பாகம் பிரிக்கும்போது வீட்டைப் பிரிக்க முடியாது, சாமானைப் பிரிக்கலாம். ஒரு டஜனாகச் செய்த நாற்காலிகள் இரண்டு இரண்டாகச் சிதறுகின்றன. ஒரு பங்கு சென்னைக்குப் போகிறது, ஒரு பங்கு பரணில் ஏறுகிறது, ஒரு பங்கு முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு வருகிறது. இது செட்டிநாட்டின் கதை மட்டுமல்ல. 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற தோப்பில் முகமது மீரானின் 'சாய்வு நாற்காலி' நாவலிலும், நொடித்துப்போன ஒரு பெருவீட்டின் சாமான்கள் ஒவ்வொன்றாக விலைக்குப் போகின்றன. இதனால் கடையில் ஒரே மாதிரி ஆறு நாற்காலி தேடுவது வீண் வேலை. தேடினால் கிடைக்கும், விலையும் அதற்கேற்றபடி ஏறியிருக்கும். தனித்தனியே நிற்கும் ஒற்றைகளை வாங்குவதுதான் சிக்கனம். உயரம் மட்டும் ஒத்துப்போனால் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நான்கு வகை நாற்காலி இருப்பதில் ஒரு குறையும் இல்லை.

வாங்கும்போது முதலில் செய்ய வேண்டியது நாற்காலியைக் கவிழ்ப்பது. முன்பக்கம் பொய் சொல்லலாம், அடிப்பக்கத்துக்கு யாரும் பூச்சுப் பூசுவதில்லை. காலும் சட்டமும் சேரும் இடத்தில் கழுந்து துளைக்குள் முழுதாக இறங்கியிருக்கிறதா, விலகி நிற்கிறதா, ஏற்கெனவே யாராவது ஆணி அடித்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். விலகிய கழுந்து பிரச்சினையே இல்லை, அதை ஒட்டிவிடலாம். ஒடிந்த கழுந்து சற்றுச் செலவு. ஆணி அடித்து மரம் பிளந்திருந்தால் விலையைப் பாதியாகக் கேட்கலாம், அல்லது விட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம். பிரம்பு கிழிந்திருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். அது தேயவென்றே இருக்கும் பாகம். பெயின்ட் அடித்திருப்பதும் வாங்குகிறவருக்கு நல்லதே, ஏனென்றால் கடைக்காரருக்கே உள்ளே என்ன மரம் என்று நிச்சயமில்லாமல் விலை சொல்லுவார். அடியில் ஓரிடத்தில் நகத்தால் சுரண்டினால் தெரிந்துவிடும்.

மரத்தில் வைரம் எவ்வளவு, வெள்ளை எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். தேக்கின் நடுமரமான வைரத்தில் இருக்கும் எண்ணெய்ப் பசை பூச்சியை அண்டவிடாது; ஓரத்து வெள்ளை மரத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தட்டினால் மாவு கொட்டும் துளைகள் தென்பட்டால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது. துளை இருந்து மாவு கொட்டாவிட்டால் அது பழைய காயம். முதல் வகையை வீட்டுக்குள் கொண்டுவருவதற்கு முன்பே மருந்து வைக்க வேண்டும். மரப்பூச்சி மருந்தை ஊசிக்குழாயில் ஏற்றித் துளை துளையாகச் செலுத்தி, பாலித்தீன் தாளில் சுற்றிச் சில நாள் விட்டால் போதும்.

இனி மூட்டு. அந்தக் கால ஆசாரிகள் ஒட்டுக்குப் பயன்படுத்தியது வஜ்ஜிரம். மாட்டுத்தோலும் எலும்பும் காய்ச்சி எடுத்த பசை. கட்டியாக வாங்கி, ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கிச் சூடாகப் பூசுவார்கள். நாற்றம் பட்டறையைத் தாண்டித் தெருவுக்கு வரும். 1959இல் பெவிகால் சந்தைக்கு வந்த பிறகு வஜ்ஜிரச் சட்டி மெல்ல மறைந்தது. பெவிகால் நல்ல பசைதான். ஆனால் வஜ்ஜிரத்துக்கு இருந்த ஒரு குணம் அதற்கு இல்லை. வஜ்ஜிரம் வெந்நீருக்கும் ஆவிக்கும் இளகிக்கொடுக்கும். ஐம்பது, அறுபது வருடம் கழித்து மூட்டைப் பிரிக்க வேண்டுமென்றால், வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிவைத்துச் சற்று நேரம் பொறுத்தால் மரம் சேதமில்லாமல் கழன்றுவரும். பழைய பசையைச் சுரண்டி, மரம் வெளியே தெரியும்படி சுத்தம் செய்து, புதுப் பசை வைத்து மறுபடி பூட்டிவிடலாம். பிரிக்காமல், ஆடுகிற இடத்தில் மேலாகப் பெவிகாலை ஊற்றுவதுதான் பலர் செய்யும் வேலை. புதுப் பசை பழைய பசையின் அழுக்கின்மேல் உட்காருமே தவிர மரத்தைப் பிடிக்காது. மூன்று மாதத்தில் மறுபடி ஆடும்.

பசை காயும்வரை மூட்டை இறுக்கிப் பிடிக்கக் கிளாம்ப் வாங்க வேண்டியதில்லை. நான்கு காலையும் சுற்றிப் பருத்திக் கயிற்றை இரட்டையாகக் கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினால், பட்டறைக் கிளாம்புக்குக் குறையாத இறுக்கம் கிடைக்கும். கயிறு அழுந்தும் இடத்தில் பழந்துணி வைத்தால் மரத்தில் தடம் விழாது. ஒரு நாள் முழுக்க அப்படியே விட வேண்டும். ஆணியும் இரும்புப் பட்டையும் மட்டும் கூடவே கூடாது. மழைக்காலத்தில் விரிந்தும் வெயில் காலத்தில் சுருங்கியும் மரம் அசைந்துகொண்டே இருக்கும், இரும்பு அசையாது. அந்த இழுபறியில் பிளப்பது மரம்தான். பழைய நாற்காலிகளில் கழுந்தைப் பூட்ட மூங்கில் முளை அறைந்திருப்பார்கள். இன்றைக்கும் அதே மூங்கில் முளையைச் சீவிக்கொள்ளலாம். காசே இல்லை.

அடுத்தது பின்னல். கிழியாமல் தொய்ந்து மட்டும் போயிருந்தால் அதற்கும் செலவில்லாத வைத்தியம் உண்டு. மூட்டைப்பூச்சிக்காகப் பிரம்பு நாற்காலியை முற்றத்தில் போட்டு வெந்நீர் ஊற்றி வெயிலில் காயவைத்த தலைமுறைக்கு இது தெரியும்: காய்ந்ததும் பூச்சி செத்திருக்கும், பின்னலும் பறைபோல இறுகியிருக்கும். பிரம்பின் மேல்தோல் பளபளப்பானது, தண்ணீர் உள்ளே போகாது, அடிப்பக்கம்தான் உறிஞ்சும். ஆகவே நாற்காலியைக் கவிழ்த்து, வெந்நீரில் பிழிந்த துண்டை அடிப்பக்கம் அரை மணி போல விரித்துவைத்து, பிறகு நிழலில் ஒரு இரவு விட்டுவிட வேண்டும். காயும்வரை யாரும் உட்காரக் கூடாது. மூட்டில் வஜ்ஜிரம் இருப்பதால் தண்ணீர் சட்டத்துக்கு வழியாமல் பார்த்துக்கொள்வது அவசியம்.

கிழிந்திருந்தால் ஆள் வேண்டும். சட்டத்தைச் சுற்றி வரிசையாகத் துளை போட்டிருந்தால் அது கைப்பின்னலுக்கானது. ஊறவைத்த பிரம்பிழையை முன்பின்னாக ஒரு வரிசை, அதன்மேல் குறுக்காக ஒரு வரிசை, மீண்டும் முன்பின், மீண்டும் குறுக்கு, பிறகு இரண்டு மூலைவாட்டு. ஆறாவது இழை ஓடி முடிந்ததும் எட்டு மூலை கொண்ட கண்கள் சீராக விழும். கடைசியில் ஓரத்துக்கு ஒரு கனத்த பிரம்பை வைத்துக் கட்டு. தேர்ந்தவர் கைக்கும் ஓர் ஆசனம் ஒரு நாள் வேலைக்குக் குறையாது. ஆகவே கூலி சற்றுக் கூடுதலாகத்தான் இருக்கும். அதைப் பேரம் பேசிக் குறைக்கும் நேரத்தில், பாலிஷில் இரண்டு பூச்சைக் குறைத்துக்கொள்ளலாம். சிக்கனம் என்று சொல்லிச் சிலர் துளைகளை அடைத்து, ஓரத்தில் பள்ளம் எடுத்து, மெஷினில் பின்னிய பிரம்பு ஷீட்டை வெட்டி ஒட்டுகிறார்கள். பார்வைக்கு அதேபோலத்தான் இருக்கும். ஆனால் எடையைத் தாங்கிய சட்டத்தில் பள்ளம் தோண்டிய பிறகு அந்த நாற்காலிக்கு மறுபடி கைப்பின்னல் போட முடியாது.

இந்தப் பின்னல் வேலைக்குத் தமிழ்நாட்டில் இன்னொரு வரலாறு உண்டு. பார்வையற்றோர் பள்ளிகளிலும் பயிற்சி மையங்களிலும் கற்றுத்தந்த கைத்தொழில்களில் நாற்காலி பின்னுவதும் ஒன்று. விரலால் துளையை எண்ணி, இழையின் வழுவழுப்பைத் தடவி மேல்பக்கம் எது என்று கண்டு, கண் பார்த்துச் செய்பவருக்கு நிகரான இறுக்கத்தில் பின்னுவார்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஏற்றவை என்று மத்திய அரசு வகைப்படுத்திய பணிகளில் இதுவும் இருந்தது. அலுவலகங்களில் பிரம்பு நாற்காலி இருந்தவரை அவர்களுக்கு ஆண்டு முழுக்க வேலை இருந்தது. ரெக்சின் சுழல் நாற்காலியும் பிளாஸ்டிக் நாற்காலியும் வந்தபோது அந்த வேலை போயிற்று. அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசியதாகத் தெரியவில்லை.

பிரம்பும் முன்போல மலிவில்லை. உலகின் பெரும்பகுதிப் பிரம்பை விளைவிக்கும் இந்தோனேசியா, 2011 இறுதியில் கச்சாப் பிரம்பு ஏற்றுமதிக்குத் தடை போட்டது. தன் நாட்டுத் தொழிலாளிக்கு வேலை வேண்டும் என்பது அதன் நியாயம். நம் பக்கம் கொள்ளிடத்துக்கு அருகே தைக்காலில் பிரம்பு வேலை இன்னும் நடக்கிறது. சிதம்பரம் – சீர்காழி சாலையில் போகிறவர்கள் கடைகளைப் பார்த்திருப்பார்கள். அசல் பிரம்புக்குக் கட்டுப்படியாகாதவர் என்ன செய்வது? கட்டிலுக்குப் போடும் பருத்தி நாடா இருக்கிறது. இரண்டு வாட்டத்தில் இழுத்துப் பின்னினால் உறுதியான ஆசனம். வீட்டிலேயே செய்துகொள்ளலாம், அழுக்கானால் அவிழ்த்துத் துவைக்கலாம். நைலான் ஒயரும் இருக்கிறது. பழமை ஆர்வலர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். ஒயர் கூடையும் ஒயர் நாற்காலியும் தமிழ் வீடுகளில் இரண்டு தலைமுறையாகப் புழங்கியவை. துளையைக் கெடுக்காமல், சட்டத்தை வெட்டாமல் போடும் ஒயர் பின்னலை நாளைக்குக் காசு சேர்ந்ததும் எடுத்துவிட்டுப் பிரம்பு போடலாம்.

வெந்நீருக்கு இளகும் பசை, அவிழ்த்துப் பின்னக்கூடிய ஆசனம். மூன்றாவதாக அரக்கு. அந்தக் காலத்து ஸ்பிரிட் பாலிஷ் என்பது அரக்கைச் சாராயத்தில் கரைத்த கரைசல். ஜார்கண்ட் பக்கம் பலாச மரத்திலும் இலந்தையிலும் குசும்ப மரத்திலும் ஒட்டி வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. பஞ்சை மெல்லிய துணியில் பொட்டலமாகக் கட்டி, கரைசலில் நனைத்து, வட்டம் வட்டமாகத் தேய்த்து ஏற்றுவார்கள். அரக்குக்குக் குறைகள் உண்டு. சூடான காப்பித் தம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழும், ஈரம் ஆகாது. ஆனால் எத்தனை வருடம் கழித்தும் ஸ்பிரிட் பட்டால் மறுபடி கரையும்; கீறலையும் வளையத்தையும் அந்த இடத்தில் மட்டும் தேய்த்துச் சரிசெய்துவிடலாம்.

ஆக, அறுபது வருடத்துக்கு முந்தைய நாற்காலியில் மூன்று முக்கிய விஷயங்களும் கழற்றி மாட்டக்கூடியவை. மத்திய அரசு 2022 டிசம்பரில் 'பழுது நீக்கும் உரிமை'க்கென்று ஓர் இணையதளம் திறந்தது. கைபேசி, வீட்டு மின்சாதனம், வாகனம், பண்ணைக் கருவி ஆகியவற்றின் தயாரிப்பாளர்கள் உதிரி பாகத்தையும் செய்முறையையும் மறைக்கக் கூடாது என்பது அதன் நோக்கம். பிரம்பு நாற்காலிக்கு அந்த உரிமை பிறவியிலேயே இருந்தது. இன்றைய 'ரெஸ்டோரேஷன்' அதைத்தான் பறிக்கிறது. காஸ்டிக் சோடாவில் ஊறவைத்துப் பழைய பூச்சை எடுக்கிறார்கள். தேக்கு கறுத்து, மூட்டிலுள்ள வஜ்ஜிரமும் சேர்ந்து கரைகிறது. பிறகு மெஷினால் தேய்த்து, கைப்பிடியில் பல வருடம் படிந்த நிறத்தை மரத்தூளாக்கிக் கொட்டுகிறார்கள். அதற்குமேல் கண்ணாடிபோல் மின்னும் பியு (பாலியூரிதேன்) பூச்சு. பியு கெட்டி, தண்ணீருக்கு அசையாது. கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்வது கடினம், மொத்தத்தையும் உரித்து மறுபடி அடிக்க வேண்டும். இத்தனைக்கும் பில்லில் பெரிய தொகை இதுதான்.

குறைந்த செலவுக்காரருக்கு வழி எளிது. முதலில் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி. உடனே உலர்ந்த துணி. மெழுகும் எண்ணெய்ப் பிசுக்கும் போகாவிட்டால் டர்பன்டைன். பிறகு மறைவான ஓரிடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வைத்துப் பார்க்கலாம். பிசுபிசுத்தால் அரக்கு. அப்படியானால் உரிக்கவே வேண்டாம், பழைய பூச்சின்மேல் புதுசாக இரண்டு கை ஏற்றினால் ஒன்றோடொன்று கலந்துவிடும். உப்புத்தாள் வேண்டுமென்றால் மெல்லியது, மர ரேகை போகும் திசையில் மட்டும். தமிழ்நாட்டில் ஒரு வேடிக்கை, இந்தப் பாலிஷும் மதுவிலக்கின் பிடியில் இருக்கிறது: ஸ்பிரிட், மெத்தனால், வார்னிஷ் ஆகியவற்றுக்கு 1959ஆம் ஆண்டிலேயே விதிகள் வந்தன, ஏனென்றால் மரத்துக்குப் போக வேண்டியதை மனிதர்கள் குடித்தார்கள். ஆகவே கலக்கிப் பார்க்கும் ஆசையை விட்டுவிட்டு, ஹார்டுவேர் கடையில் தயாராக விற்கும் சிறிய டப்பாவை வாங்குவதே வசதி. ஒரு நாற்காலிக்கு அதுவே மிச்சம்.

இரண்டு எச்சரிக்கைகள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016இல்தான் வந்தது. ஐம்பதுகளில் அடித்த பெயின்டை அது கட்டுப்படுத்தியிருக்க முடியாது. அதை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது, நனைத்துச் சுரண்ட வேண்டும், முகத்தில் துணி, பக்கத்தில் குழந்தைகள் இருக்கவே கூடாது. இன்னொன்று, ஆளிவிதை எண்ணெய் தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் எறியக் கூடாது. அது காயும்போது தானாகச் சூடேறித் தீப்பற்றும். கொடியில் விரித்துக் காயப்போட்டு அப்புறம் குப்பையில் போடலாம்.

கடைக்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மின்னாத நாற்காலியை வாங்க ஆளில்லை என்கிறார்கள், உண்மைதான். கல்யாண மண்டபத்துப் பந்தலில் வரிசையாக நிற்கும் பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்துப் பழகிய கண் அது. 1972இல் பிரான்ஸில் ஹென்றி மசோனே வடிவமைத்த நாற்காலியின் வழிவந்த அந்த ஒற்றை வார்ப்பு, மலிவிலும் எடைகுறைவிலும் ஈடற்றது. ஆனால் கால் விரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. பழைய தேக்கு நாற்காலியிடம் போய் அந்தப் புதுமைப் பளபளப்பை எதிர்பார்ப்பது வாங்குபவரின் பிழை. 'உரிக்காமல் அப்படியே கொடுங்கள்' என்று நாலு பேர் கேட்கத் தொடங்கினால் கடைக்காரருக்கும் வேலை மிச்சம், விலையும் இறங்கும்.

சண்டிகரில் நடந்ததை இங்கே நினைத்துப் பார்க்கலாம். கட்டடக் கலைஞர் லெ கார்புசியேவின் உறவினர் பியர் ஜானரே 1951 முதல் 1965 வரை அங்கே தங்கி, புது நகரத்தின் அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் தேக்கிலும் பிரம்பிலும் நாற்காலிகளை வடிவமைத்தார். கவிழ்த்த 'வி' போன்ற கால்கள், பிரம்பு ஆசனம். உள்ளூர்த் தச்சர்கள் ஆயிரக்கணக்கில் செய்தார்கள். காலப்போக்கில் பிரம்பு கிழிந்தவை மொட்டைமாடியில் குவிந்தன, உதவாத சாமான் என்று ஏலத்தில் போயின. வெளிநாட்டு வணிகர்கள் அள்ளிப் போனார்கள். பிறகு அதே நாற்காலிகள் பாரிஸ், லண்டன், நியூயார்க் ஏலங்களில் லட்சக்கணக்கான ரூபாய்க்கு விற்றபோதுதான் ஊர் விழித்தது. 2011இல் மத்திய உள்துறை அமைச்சகம் தலையிட்டு அவற்றின் விற்பனைக்கும் ஏற்றுமதிக்கும் தடை உத்தரவு போட்டது. தனி உத்தரவு தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருடம் ஆன பொருள்தான் தொல்பொருள். 1955இல் செய்த நாற்காலி 2055வரை சட்டத்தின் கண்ணில் வெறும் பழைய சாமான்.

செட்டிநாட்டு நாற்காலிக்கு ஜானரேயின் பெயரும் இல்லை, தனி உத்தரவும் வராது. செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. அது வீட்டையும் தெருவையும் ஊருணியையும் பற்றியது. உள்ளே உட்கார்ந்திருந்த சாமானைக் காப்பது அந்தந்த வீட்டுக்காரர் பாடு. ஆனால் இதே வட்டாரத்தில் ஒரு கைத்தொழில் மீண்டதற்கு உதாரணம் இருக்கிறது. பனையோலைக் கொட்டான் பின்னுவது ஏறக்குறைய மறைந்துபோன நிலையில், எம்.ஆர்எம்.ஆர்எம். பண்பாட்டு அறக்கட்டளை கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து அதை மறுபடி கைக்குக் கொண்டுவந்தது. இன்று செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஓலை பின்னத் தெரிந்த விரலுக்குப் பிரம்பு பழக வெகுநாள் ஆகாது. குறைவது கற்றுத்தர ஆளும், தொடர்ந்து வரும் வேலையும்.

அந்த வேலையைக் கொடுக்கக்கூடிய இடம் அரசுதான். சிவகங்கை மாவட்டத்தில் மட்டுமல்ல, எந்த மாவட்டத்திலும் பழைய பள்ளி, தாலுகா அலுவலகம், நூலகம், பயணியர் விடுதி ஒன்றின் பின்பக்கம் போய்ப் பார்த்தால் தெரியும்: கழிவு செய்த தளவாடங்கள் என்ற பெயரில், இரும்பு பீரோவோடும் உடைந்த பெஞ்சோடும் சேர்ந்து, ஏலத்துக்குக் காத்திருக்கும் தேக்கு நாற்காலிகள். இரண்டு மூட்டு விலகியதும் ஓர் ஆசனம் கிழிந்ததும்தான் அவற்றின் குற்றம். ஏலத்தில் மொத்தமாக எடுப்பவர் அவற்றை எங்கே கொண்டுபோவார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஏலப் பட்டியல் போடுவதற்கு முன்னால் மர நாற்காலிகளைத் தனியே பிரித்து, ஒரு தச்சரை ஒரு நாள் கூலிக்கு அழைத்துக் காட்டலாம். தேறியவற்றை மாவட்டத்துத் தொழிற்பயிற்சி நிலைய மாணவர்கள் மூட்டுப் பழக எடுத்துக்கொள்ளட்டும். பின்னல் வேலையை மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழியாகப் பின்னத் தெரிந்தவர்களுக்குக் கொடுக்கலாம். புது ரெக்சின் நாற்காலி வாங்க ஒதுக்கும் பணத்திலிருந்தே கூலி வரும். திரும்பி வரும் நாற்காலிக்குப் பாலிஷ் வேண்டுமா என்று கேட்டுக் கோப்பு எழுத வேண்டாம். துடைத்து, தாசில்தார் அறையின் வெளியே மனுவோடு காத்திருப்பவர்கள் உட்காரப் போட்டுவிடலாம்.